நல்ல குதிரைக்கு ஒரு சேணம்

சம்பந்தி எசென்குல் கொடுத்த சேணத்தைப் பற்றி அந்த மலையில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னவர் யாருமில்லை, குலாவைத் தவிர. குலா குதிரை. ஆகவே அதன் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

தலைநகர் பிஷ்கெக்கில் கலியாண மண்டபத்து மேடையில்தான் சேணம் கைமாறியது. பெண்ணைப் பெற்றவருக்குக் குதிரையும் சேணமுமாகக் கொடுத்து, ஏற்றிவிட்டு அனுப்புவதுதான் முறை. எசென்குல் நகரத்தில் சோபாக் கடை வைத்திருந்தார். குடியிருந்தது ஆறாவது மாடி. குதிரைக்கு எங்கே போவார்? ஆனால் முறையையும் விட முடியாது. அதனால் மைக்கைப் பிடித்து, "சம்பந்தி! குதிரை உங்ககிட்ட இருக்கு. அதுக்கு ஏத்த சேணம் எங்கிட்ட இருக்கு!" என்றார். மண்டபம் அதிர்ந்தது. சுருட்டி வைத்திருந்த கம்பளத்தை இரண்டு பேர் பிரித்தார்கள். உள்ளே சிவப்புத் தோலும் வெள்ளித் தகடுமாகச் சேணம் மின்னியது. முன்மேட்டில் ஆட்டுக் கொம்பு வளைவுகள். அங்கவடி இரண்டிலும் பூ வேலை. பெண்ணின் அப்பா, புரூலின் கணவர் துர்தாகுன், தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புரூலும் கைதட்டினாள். ஆனால் கம்பளம் பிரிந்தபோது சேணம் ஒரு கணம் மல்லாந்தது. அவள் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டாள். இரண்டு பக்கப் பலகையும் கூரைச் சரிவு மாதிரி செங்குத்தாக இறங்கின. குலாவின் முதுகோ கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி. பார்த்ததைப் பார்க்காத இடத்தில் வைத்துவிட்டு மறுபடி கைதட்டினாள். குடும்பம் நடத்தியதில் அவள் கற்றுக்கொண்ட வித்தைகளில் அது முதலாவது.

கோடை வந்தது. மந்தையோடு மேய்ச்சல் மலைக்கு ஏறி, கம்பளிக் கூடாரம் போட்டார்கள். போட்ட மறுநாளே துர்தாகுன் புதுச் சேணத்தைக் குலாவின் மேல் கட்டிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போனார். போன இடமெல்லாம் குதிரைப்பால் குடித்தார். பொழுது சாய வந்து, ராஜா மாதிரி இறங்கினார்.

புரூல் சேணத்தை இறக்கினாள். குலாவின் முதுகு வியர்வையில் நனைந்து பளபளத்தது. தோள்மேட்டுக்கு இரண்டு பக்கமும் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, காய்ந்து கிடந்தது. வியர்த்த முதுகில் காய்ந்த இடம் என்றால் அங்கே சேணம் அழுத்தி ரத்தம் ஓடவிடவில்லை என்று பொருள். அந்த மலையில் பேச்சு வராத குழந்தைக்கும் இது தெரியும்.

"இங்க வந்து பாருங்க."

"என்னத்த?"

"காஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும்."

துர்தாகுன் வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "காத்துல காஞ்சிருக்கும்."

"சேணத்துக்கு அடியில எங்கேருந்து காத்து வந்துச்சு?"

"புதுச் செருப்பு கடிக்காம இருக்குமா, கிழவி? போகப் போகச் சரியாயிடும்."

"எது சரியாகும்? செருப்பா, காலா?"

அவர் யோசித்தார். "ரெண்டுல ஒண்ணு," என்று சொல்லிவிட்டுச் சேணத்தைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவருக்குத் தெரியாது என்று புரூல் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. இருட்டில் குளம்புச் சத்தத்தை வைத்தே எந்தக் குதிரைக்கு எந்தக் காலில் நோவு என்று சொல்கிற மனுஷன். தெரியும். தெரிந்ததைச் சொன்னால் சம்பந்தி கொடுத்த பரிசில் குறை சொன்னதாக ஆகும். சம்பந்தியின் பரிசில் குறை சொல்வதும் சம்பந்தியின் தாடியைப் பிடித்து இழுப்பதும் ஒன்று. அறிவா மரியாதையா என்று வந்தால் அந்த மலையில் அறிவுதான் எழுந்து இடம் விடும்.

இரண்டாம் வாரம் பக்கத்துக் கூடாரத்து மாமிர்கான் வந்தார். பந்தயக் குதிரைகளைத் தயார் செய்வதில் பேர்போனவர். சேணத்தை வைத்துக் கச்சையை இறுக்கி, முன்பக்கம் விரலை நுழைக்கப் பார்த்தார், விரல் போகவில்லை. நடுப்பக்கம் கையை விட்டார். முழங்கை வரை போய்விட்டது. இரண்டு முனையில் மட்டும் உட்கார்ந்து, நடுவில் பாலம் மாதிரி நின்றது சேணம். அவர் முகத்தில் உண்மை வந்து, ஒரு கணம் நின்று, திரும்பிப் போவதைப் புரூல் பார்த்தாள்.

"சேணம் அருமை," என்றார் மாமிர்கான். "குதிரைதான் கொஞ்சம் கொழுத்திடுச்சு."

"அப்படித்தான் எனக்கும் பட்டுச்சு," என்றார் துர்தாகுன், நிம்மதியாக.

புல்லுக்கு வாய் எட்டாதபடி குலாவை உயரக் கட்டிப் பட்டினி போட்டார்கள். குலா இளைத்தது. இளைத்ததும் தோள்மேட்டு எலும்பு துருத்தியது. சேணம் நேராக எலும்பில் போய் உட்கார்ந்தது. மாமிர்கான் மறுபடி வந்து, "ரொம்ப இளைச்சிடுச்சே" என்று வருத்தப்பட்டார். பார்லி வைத்தார்கள். குலா பெருத்தது. சேணம் இறுகியது. அடியில் இன்னொரு கம்பளி போட்டுப் பார்த்தார்கள். இறுக்கமான செருப்புக்குள் இரண்டாவது காலுறை போட்டது மாதிரி இன்னும் இறுகியது. சட்டையைத் தைத்துவிட்டு ஆளை வெட்டிச் சரிபண்ணுகிற தையற்காரன் போல மொத்த மலையும் குலாவைத் திருத்துவதில் இறங்கியது. முதுகு போதாது என்றார் ஒருவர். நடை சரியில்லை, அதனால்தான் சேணம் நகர்கிறது என்றார் இன்னொருவர். குலாவின் தாயை நினைவு வைத்திருந்த ஒரு கிழவர், "அந்த வம்சமே கொஞ்சம் திமிர்" என்றார்.

தோள்மேட்டில் முதலில் வீக்கம் வந்தது. பிறகு மயிர் உதிர்ந்தது. பிறகு தோல் திறந்தது.

புரூல் வெந்நீரில் உப்புக் கரைத்துக் கழுவி, ஆட்டுவால் கொழுப்புத் தடவினாள். குலா தலையைத் திருப்பி அவள் தோளில் மூக்கை வைத்தது.

"விடுங்க மதினி," என்றார் மாமிர்கான் அந்தப் பக்கம் போகும்போது. "முதுகு போனா என்ன, கறி எங்கயும் போயிடாதே. நவம்பர்ல பனி விழறப்ப வெட்டிக்கலாம். பார்லி தின்ன உடம்பு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சேணம் ஏற்ற முடியாத குதிரைக்குக் குளிர்காலத்தில் ஒரே வேலைதான். அதில் யாருக்கும் கல்நெஞ்சு இல்லை. அவளும் எத்தனையோ குதிரையின் குடலைக் கழுவி உப்புக் கறி அடைத்தவள்தான். ஆனால் குலாவின் குடலைக் கழுவ மட்டும் அவளுக்குக் கை வராது.

விடியலில் தாய்க்குதிரைகளைக் கறக்க ஓட்டிவர அவள் தன் பழைய மரச் சேணத்தைப் போட்டு, குலாவின் மேல் ஏறித்தான் போவாள். மேல் சரிவுக்குப் போய் வருகிற அந்தக் கொஞ்ச நேரம் அவள் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் மருமகள் இல்லை, யாரும் கிழவி என்று கூப்பிடுவதில்லை. அந்த நேரத்தில் என்ன நினைப்பாள் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. ஒன்றும் நினைக்காமல் இருப்பதற்கு அவளிடமிருந்த ஒரே இடம் அந்த முதுகு. புண் திறந்ததிலிருந்து அந்தப் பழைய சேணத்தையும் அவள் எடுக்கவில்லை. நடந்தே போனாள்.

செல்போன் சிக்னல் கிடைப்பது மேட்டுப் பாறையில் மட்டும். வியாழக்கிழமை அங்கே ஏறி நின்றபோது மகள் ஜிபார் கூப்பிட்டாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம். மாமா, அத்தை, மாமாவோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும். அப்பா அந்தச் சேணத்துல ஏறி ஆத்துப் பாலம் வரைக்கும் வந்து அழைச்சிட்டுப் போகணுமாம். வீடியோ எடுக்கப் போறாங்க."

"ஜிபார், அந்தச் சேணம்..."

"மாமா தினம் கேக்கறாரும்மா, சேணம் எப்படியிருக்கு, சேணம் எப்படியிருக்குன்னு. ரொம்ப நல்லா இருக்காம், அப்பா அதைவிட்டு இறங்கறதே இல்லையாம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"குதிரை முதுகு புண்ணாயிடுச்சுடி."

"எதையும் சொல்லிடாதம்மா," என்றாள் ஜிபார், குரலைத் தாழ்த்தி. "நான் இங்கதானே இருக்கணும்."

புரூல் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கலியாணமாகி நான்கு மாதத்தில் பெண் எவ்வளவு சீக்கிரம் தேறிவிட்டாள் என்று பெருமைப்படுவதா, வேறு ஏதாவது படுவதா என்று புரியவில்லை.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. புதிய வழி அல்ல. அவள் மேலேயே ஒரு காலத்தில் செய்து பார்த்து, நன்றாக வேலை செய்த வழி.

கலியாணத்துக்கு முன்னால், குதிரையேறிப் பெண்ணைத் துரத்துகிற பந்தயத்தில் புரூலைப் பிடித்த பையன் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. பிடிக்க வந்தவன் முதுகில் சாட்டையடி வாங்கிக்கொண்டு திரும்புவான். புகுந்த வீட்டில் யாரும் அவளைக் குதிரை ஏறாதே என்று சொல்லவில்லை. "எங்க மருமக தங்கம்" என்றார் மாமியார். "தங்கத்தை யாராவது தூசியில ஓடவிடுவாங்களா?" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தங்கத்தைப் பார்க்க வந்தவர்களுக்குத் தங்கம் டீ ஊற்றியது. ஒரு வருஷம் கழித்து அடுத்த பந்தயத்துக்கு ஆள் கூப்பிட வந்தபோது, "ஐயோ, நான் எதுக்கு?" என்று அவளே சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. புகழ்ந்தே இறக்கிவிட்டார்கள்.

அன்று மாலை அவள் மாமிர்கானின் மனைவி கலிபாவைத் தேடிப் போனாள். கலிபாவிடம் ஒன்றைச் சொன்னால் மலைக்கு மைக் வைத்துச் சொன்ன மாதிரி.

"எனக்கு மனசே கேக்கல கலிபா," என்றாள். "அப்பேர்ப்பட்ட வெள்ளிச் சேணம். இந்த மனுஷன் அதைக் குதிரை வேர்வையில போட்டு ஊறவைக்கறாரு. சம்பந்தி பாத்தா என்ன நினைப்பாரு? இவனுங்களுக்குப் பொருளோட அருமை தெரியலையேன்னு நினைக்கமாட்டாரு?"

கலிபாவின் கண் விரிந்தது. "நானும் அதைத்தான்க்கா நினைச்சேன்!"

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த எண்ணம் ஐந்தாறு கூடாரம் சுற்றி, ஊர் அபிப்பிராயமாக வளர்ந்து, துர்தாகுன் வாயில் வீடு வந்து சேர்ந்தது.

"கிழவி, நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்," என்றார். "அந்தச் சேணம் குதிரை மேல போடற சேணம் இல்ல."

"அப்படியா? எனக்குத் தோணவே இல்லையே!"

"உனக்கு எங்க தோணும்?"

வாசலுக்கு நேர் எதிரே, மூத்தவர்கள் மட்டும் உட்கார்கிற இடத்தில், மெத்தைகளை அடுக்கி அதன் மேல் சேணத்தை ஏற்றினார். அன்று ராத்திரி அவரே ஒரு கை தள்ளித்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். காலை நீட்டும்போது சேணத்தின் பக்கம் நீட்டாமல் பார்த்துக்கொண்டார். புரூலுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மாமியார் எவ்வளவு சுலபமாகத் தன்னையும் இப்படி ஏற்றி உட்காரவைத்திருக்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு கார் வந்தன. துர்தாகுன் கடன் வாங்கிய குதிரையில் போய் அழைத்து வந்தார். எசென்குல் பருத்த, நல்ல மனுஷர். புது வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். பாலத்தருகே சேணத்தைக் காணாமல் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. கூடாரத்துக்குள் நுழைந்து சேணத்தை அது இருந்த இடத்தில் பார்த்ததும் வாட்டம் கரைந்தது.

"சம்பந்தி! இவ்வளவு மரியாதையா!"

"இனிமே உங்க பொருளைக் குதிரை மேல போட மனசு வருமா?" என்றார் துர்தாகுன். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். ஜிபார் மாமனாருக்குப் பின்னால் நின்று அம்மாவைப் பார்த்து மூச்சுவிட்டாள். புரூலும் விட்டாள்.

ஆடு வெந்தது. பெரிய விருந்தாளிக்குரிய தலையை எசென்குலுக்கு வைத்தார்கள். குதிரைப்பால் மூன்று சுற்று வந்தது. நான்காவது சுற்றில், கையில் செல்போனை வைத்துக்கொண்டிருந்த நகரத்து நண்பர், "எல்லாம் சரி எசென்குல். குதிரை மேல இருக்கற மாதிரி ஒரு படமாவது வேணாமா? வீட்டுக்குள்ள வச்சா சோபா மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எசென்குலும் சிரித்து, எழுந்துவிட்டார். "நானே ஏறறேன். ஒரே ஒரு தடவை."

விருந்தாளியான சம்பந்தி எழுந்து நின்று கேட்டதை இல்லை என்று சொல்லும் வாய் அந்த மலையில் யாருக்கும் இல்லை. துர்தாகுன் புரூலைப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. வாய், "குலாவைக் கொண்டா" என்றது.

குலா சரிவின் பின்பக்கம் நின்றது. அவிழ்த்து மேலே விரட்டிவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள், நம்பாதவர்கள் மரியாதைக்காக நம்புவார்கள். நாளைக்குத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றுவார்கள். புண் எலும்புக்கு இறங்கும். நவம்பர் வரும். ஜிபார் சொன்னது காதில் இருந்தது. தன் பெண்ணுக்குத் தான் கொடுத்த சீர் இந்த வாய்மூடல்தானா என்ற கேள்வி அவளே கேட்காமல் தானாக எழுந்தது.

குலாவை வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தாள். முதுகை மெல்லிய கம்பளி மூடியிருந்தது. துர்தாகுன் சேணத்தோடு முன்னால் வந்தார்.

"நீங்க இல்ல," என்றாள் புரூல். "குடுத்தவர் கையாலதான் முதல்ல சேணம் போடணும். அதானே முறை?"

அப்படி ஒரு முறை கிடையாது. அந்த நிமிஷம்தான் அது பிறந்தது. ஆனால் முறை தெரியாதவன் என்று பெயர் வாங்க யாருக்கும் இஷ்டமில்லை.

"ஆமாமா, அதான் முறை," என்றார் மாமிர்கான் தலையை ஆட்டி.

எசென்குல் பெருமையோடு சேணத்தை வாங்கிக்கொண்டார். "இந்தக் கம்பளியை எடுத்துட்டா போடணும்?"

"எடுத்துப் பாருங்க."

எடுத்தார். தோள்மேடு சிவந்து, வீங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது. அவர் நிழல் மேலே விழுந்ததற்கே குலாவின் தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. செல்போன்காரர் கையைத் தாழ்த்தினார்.

"இது என்ன?"

மாமிர்கான், "ஈ கடிச்சிருக்கும்" என்றார்.

"இவ்வளவு பெரிய ஈயா உங்க மலையில?"

"சில வருஷம் வரும்."

"சேணம் கடிச்சது, சம்பந்தி," என்றாள் புரூல். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. "பலகை குறுகல். இந்த முதுகுக்குச் சேராது. இங்க எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். உங்க மனசு நோகக் கூடாதுன்னு யாரும் சொல்லல. குதிரை நோகட்டும்னு விட்டுட்டோம்."

துர்தாகுன் தரையைப் பார்த்தார். ஜிபாரின் முகம் வெளுத்தது. எசென்குல் சேணத்தை நெஞ்சோடு பிடித்தபடி, இறக்கி வைக்க இடம் தெரியாமல் நின்றார்.

"செஞ்சவன் கேட்டான்," என்றார் மெதுவாக. "எந்தக் குதிரைக்குன்னு கேட்டான். நல்ல குதிரைக்குன்னு சொன்னேன். அளவு வேணும்னான். எங்கிட்ட ஏது குதிரை? கடையில ஒரு சோபா கைப்பிடி மேல வச்சுப் பாத்தோம். கச்சிதமா உக்காந்துச்சு."

காற்றில் கூடாரத்துக் கயிறு ஒன்று தட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல சோபாவா இருக்கும்," என்றார் மாமிர்கான், மரியாதையாக.

முதலில் துர்தாகுனின் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரைப் பார்த்து எசென்குல் கண்ணில் நீர் வரச் சிரித்தார்; எந்த நீர் எதற்கானது என்று புரூலால் பிரிக்க முடியவில்லை. சிரித்து முடித்துச் சேணத்தைப் புல்லில் வைத்தார்.

"சம்பந்தியம்மா, தப்பு என்னோடது. என்ன செஞ்சா சரியாகும்? சொல்லுங்க."

எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். அந்த வாசல் இனி ஒருமுறை திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"குலாவைக் கறிக்குப் போடக் கூடாதுன்னு இவர்கிட்ட நீங்க கேளுங்க. பனி வந்தாலும், முதுகு ஆறாட்டியும். உங்க வார்த்தையை அவர் தட்டமாட்டார். நான் சொன்னா தட்டுவார்."

எசென்குல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு துர்தாகுன் பக்கம் திரும்பி, முறைப்படி நெஞ்சில் கைவைத்துக் கேட்டார்.

"உங்க வாயில வந்த பிறகு பேச்சு ஏது," என்றார் துர்தாகுன். புரூலைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்: "எங்கிட்டயே கேட்டிருக்கலாம்."

அவள் குலாவின் முதுகைக் கம்பளியால் மூடினாள். கேட்டிருக்கலாம்தான்.

கூடாரத்துக்குள் மறுபடி குதிரைப்பால் ஊற்றியதும் பேச்சு சுறுசுறுப்பானது. குதிரையில்லாமல் சேணம் மட்டும் கொடுத்து, பாதி மரியாதை செய்ததால்தான் இவ்வளவும் வந்தது என்று எசென்குல் முடிவுக்கு வந்திருந்தார். இந்தச் சேணத்துக்குப் பொருத்தமான குதிரையையும் தானே வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்தார். குறுகின முதுகு, செங்குத்தான விலா, நடுவில் கொஞ்சம் மேடு. அப்படி ஒரு பிராணி எந்தச் சந்தையில் கிடைக்கும் என்று மாமிர்கான் விரல்விட்டு ஆராய ஆரம்பித்தார். குறுகின முதுகு குதிரைக்கு லட்சணமே இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

கார்கள் கிளம்பும்போது ஜிபார் அம்மாவின் காதருகே வந்தாள். திட்டப்போகிறாள் என்று புரூல் காத்திருந்தாள். "அம்மா," என்றாள் பெண், "அத்தை போட்டுவிட்ட வளையல் அளவு பத்தலன்னு நான் இன்னும் அவங்ககிட்ட சொல்லல. சொல்லட்டுமா?"

"கை வீங்கியிருக்கா?"

"கொஞ்சம்."

"சொல்லு."

மறுநாள் விடியலில் தாய்க்குதிரைகளை ஓட்டிவர புரூல் நடந்துதான் கிளம்பினாள். குலாவைக் கட்டவில்லை, அது தானாகப் பின்னால் வந்தது. கலிபா வாளியோடு எதிரே வந்தாள்.

"அக்கா, நேத்து நல்லா ஞாபகப்படுத்தினீங்க. குடுத்தவர் கையால முதல்ல போடற முறை. எங்க பக்கத்துல ரொம்பக் காலமா உண்டு. இப்ப யாரு பாக்கறா?"

"யாரு பாக்கறா," என்றாள் புரூல்.

சரிவில் மூச்சு வாங்கியது. மேலே போய்ச் சேர வழக்கத்தைவிட அதிக நேரமாகும். பாதி வழியில் நின்று குலாவின் தோள்மேட்டைப் பார்த்தாள். புண்ணின் ஓரத்தில் ஒரு மெல்லிய வறண்ட படலம் கட்டத் தொடங்கியிருந்தது. இந்த வருஷம் ஏற முடியாது. அடுத்த வருஷமும் சொல்ல முடியாது. குலா அவளைத் தாண்டிப் போய்ப் புல்லில் வாய் வைத்தது. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அது தின்று முடிக்கும்வரை நின்றாள்.